டெலிகாட்டா ஸ்குவாஷ்: தோலுக்காகவே வாங்க வேண்டிய பரங்கி

செப்டம்பர் பிறந்ததும் அமெரிக்கக் காய்கறிக் கடைகளின் வாசலில் பெரிய அட்டைத் தொட்டிகள் வந்துவிடும். பட்டர்நட், ஏக்கார்ன், ஸ்பகெட்டி, கபோச்சா என்று பரங்கிச் சாதி முழுக்க அதில் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் தடித்த வெள்ளரிக்காய் மாதிரி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், வெண்ணெய் நிற உடம்பில் பச்சைக் கோடுகளோடு கிடப்பதுதான் டெலிகாட்டா. பார்க்க அலங்காரத்துக்கு வைக்கும் சுரைக்குடுக்கை போலிருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓவனில் சுட, பஜ்ஜி போட, பொரியல் செய்ய வாங்குங்கள். சாம்பார், பால் கூட்டு, அல்வா என்றால் வேண்டாம். பவுண்டுக்கு பட்டர்நட்டைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் காசு சதைக்கு அல்ல, தோலுக்கு. தோலைச் சீவிவிட்டுச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

பட்டர்நட்டைச் சீவியவர்களுக்குத் தெரியும்: பீலர் வழுக்கும், பால் கசிந்து கையில் காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும். டெலிகாட்டாவில் அந்த வேலையே இல்லை. தோல் அவ்வளவு மெல்லியது. வெந்த பிறகு கத்தரிக்காய்த் தோல் எப்படியோ அப்படி, பல்லில் லேசாகத் தட்டுப்பட்டு மறைந்துவிடும். சதை நம் ஊர் மஞ்சள் பூசணியைப் போல நீர்த்துப் போகாது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மாவுத்தன்மையோடு, கடைசியில் கொஞ்சம் சோளக்கதிர் வாசம். இதற்கு ஸ்வீட் பொட்டேட்டோ ஸ்குவாஷ் என்றும் ஒரு பெயர் உண்டு. பொருத்தமான பெயர்தான்.

விண்டர் ஸ்குவாஷ் என்ற வகைப்பெயரைக் கேட்டுக் குளிர்காலக் காய் என்று நினைத்துவிட வேண்டாம். இது கோடையில் காய்த்து, கொடியிலேயே முற்றி, இலையுதிர் காலத்தில் அறுவடையாவது. குளிர்காலம் வரை வைத்துச் சாப்பிடலாம் என்பதால் அந்தப் பெயர். டெலிகாட்டா மற்றவை அளவுக்கு நாள் தாங்காது என்பதால் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் விதிவிலக்கு. தாவரவியலில் இது குக்குர்பிட்டா பெப்போ, அதாவது ஜுக்கினியின் உடன்பிறப்பு. பட்டர்நட்டும் நம் ஊர்ப் பரங்கியும் மொஸ்காட்டா இனம். கபோச்சா மாக்ஸிமா இனம். தோல் மெல்லியதாக இருப்பதும் நீண்ட நாள் தாங்காததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள்.

அந்தத் தோலே ஒரு காலத்தில் இதன் வாழ்வைக் கெடுத்தது. நியூயார்க்கின் பீட்டர் ஹென்டர்சன் விதை நிறுவனம் 1890களில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1920கள் வரை நல்ல பெயர். பிறகு ஆயிரக்கணக்கான மைல் லாரியில் போய், மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கிற காய்கறிக்குத்தான் சந்தை என்று ஆனபோது, மெல்லிய தோல்காரன் ஓரங்கட்டப்பட்டான். கொடிக்குச் சாம்பல் நோய் தொல்லையும் இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகம் நோயைத் தாங்கும் குத்துச்செடி வகை ஒன்றை உருவாக்கியது. 'கார்னெல்ஸ் புஷ் டெலிகாட்டா' என்ற அந்த ரகம் 2002இல், புதிய தோட்ட ரகங்களுக்குத் தரப்படும் ஆல்-அமெரிக்கா செலக்ஷன்ஸ் விருதைப் பெற்றது. இன்று கடைகளில் இது மறுபடி கண்ணில் படுவதற்கு அந்த வேலைக்கும் பங்கு உண்டு.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அடிநிறம். வெளிர் பச்சையோ சுண்ணாம்பு வெள்ளையோ என்றால் காய் முற்றுவதற்கு முன் பறித்தது. வெந்தாலும் வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்றிருக்கும், எவ்வளவு மேப்பிள் சிரப் ஊற்றினாலும் தேறாது. அடிநிறம் வெண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும். தரையில் படிந்து கிடந்த இடத்தில் ஆழ்ந்த மஞ்சள் திட்டு இருந்தால் நல்லது. பச்சைக் கோடுகளுக்குள் ஆரஞ்சுக் கீற்று ஓடியிருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். காம்பு காய்ந்து, முழுதாக ஒட்டியிருக்க வேண்டும். காம்பு ஒடிந்த காய் அந்த இடத்திலிருந்துதான் அழுகும். தோலில் நகத்தை அழுத்தினால் லேசாகத் தடம் விழும், அது குறை அல்ல. குழிந்த ஈரப்புள்ளி இருந்தால்தான் கீழே வைத்துவிடுங்கள்.

அளவில் ஒரு பவுண்டிலிருந்து ஒன்றரைப் பவுண்டு வரை சரி. அதற்கு மேல் போனால் தோல் தடிக்கிறது. தோலில் சொரசொரவென்று பரு மாதிரி இருப்பதையும் தவிருங்கள், அந்தப் பரு வெந்தாலும் மெத்தென்று ஆகாது. ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது: இந்தக் காயின் உள்ளே கணிசமான இடம் விதைக்கும் வெற்றிடத்துக்கும்தான். சதையின் தடிமன் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம். ஒன்றே கால் பவுண்டுக் காய் சுட்டு எடுத்தால் இரண்டு பேருக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுதான் வரும். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு காய் வேண்டும்.

தோலோடு சாப்பிடப் போகிற காய் என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. நீளவாக்கில் ஓடும் பள்ளங்களில், குறிப்பாகக் காம்புக்குப் பக்கத்தில், மண் அடைந்திருக்கும். காய்கறி பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்க்க வேண்டும். விலை ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் பசை மிஞ்சினால் துளி எண்ணெய் தடவித் துடையுங்கள். பிறகு துணியால் ஈரம் போகத் துடைப்பது முக்கியம். இங்கே மிஞ்சும் ஈரம் ஓவனில் ஆவியாகி முதல் பத்து நிமிடத்தை வீணாக்கும்.

இரண்டு முனையையும் அரை அங்குலம் நறுக்கித் தள்ளிவிட்டு, வெட்டிய முகத்தைப் பலகையில் ஊன்றி நிமிர்த்தி நிறுத்துங்கள். மேலிருந்து கத்தியை இறக்கினால் இரண்டாகப் பிளக்கும். உருளும் காயைப் படுக்க வைத்து வெட்டுவதுதான் கையை அறுத்துக்கொள்ளும் வழி. விதையைக் கரண்டியால் சுரண்டும்போது நாரையும் சேர்த்து வழித்து எடுங்கள். மிஞ்சிய நார் சூட்டில் முதலில் கருகி, காயின் உட்புறம் முழுக்கக் கரும்புள்ளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிளந்த பாதியைக் கவிழ்த்து வைத்து அரை அங்குலப் பிறைகளாக நறுக்கினால், வெளி விளிம்பு முழுக்கப் பச்சை மஞ்சள் தோரணம் மாதிரி பள்ளமும் மேடுமாக வரும். பிளக்காமல் குறுக்கே வெட்டி, நடு விதையைத் தோண்டினால் பூ வளையம். அழகு வளையத்தில்தான், ஆனால் ஒவ்வொன்றாகத் தோண்ட நேரம் பிடிக்கும்.

இனி சுடுவது. இதன் பெயரைக் காப்பாற்றுவது இந்த ஒரு முறைதான். இரண்டு காய்க்கு, அதாவது மொத்தம் இரண்டரைப் பவுண்டுக்கு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு. 18க்கு 13 அங்குல பேக்கிங் தட்டுகள் இரண்டு. ஓவன் 425 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் சுமார் 220. ஃபேன் ஓடும் கன்வெக்ஷன் என்றால் 400 போதும். காலித் தட்டை ஓவனுக்குள்ளேயே வைத்துச் சூடேற்றிவிட்டு, எண்ணெயில் பிரட்டிய பிறைகளை ஒவ்வொன்றாக, வெட்டிய முகம் தட்டில் படும்படி வையுங்கள். வைத்த மாத்திரத்தில் சொய்யென்று சத்தம் வர வேண்டும். ஓவனின் கீழ் அடுக்கில் வைத்து பதினைந்து நிமிடம் தொடாதீர்கள். பிறகு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். வெல்லப்பாகு இறுகும்போது வரும் அந்தப் பழுப்பு கீழ்ப்பக்கத்தில் ஏறியிருந்தால் எல்லாவற்றையும் திருப்பி இன்னும் எட்டு முதல் பத்து நிமிடம். திருப்பப் போகும்போது தட்டோடு ஒட்டி இழுத்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். நிறம் ஏறியதும் தானே விடும்.

வெந்ததா என்பதைச் சதையில் குத்திப் பார்க்காதீர்கள். சதை பன்னிரண்டு நிமிடத்திலேயே மெத்தென்றாகிவிடும். முள்கரண்டியைத் தோல் பக்கத்திலிருந்து குத்த வேண்டும். தடையில்லாமல் இறங்கினால் ஆயிற்று. தோல் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று இந்தக் காயைத் திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சதையைப் பார்த்துவிட்டு முன்னதாகவே எடுத்தவர்கள்.

அடுத்த பெரிய தப்பு நெரிசல். இரண்டு காயையும் ஒரே தட்டில் கொட்டினால் துண்டுகள் ஒன்றின் ஆவியில் ஒன்று வேகும். நிறமும் வராது, இனிப்பும் திரளாது. துண்டுக்குத் துண்டு விரல் அகலம் இடைவெளி விடுங்கள். இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் போகிறது என்றால் பாதியில் மேல் கீழ் மாற்றுங்கள். முனையில் கிடைக்கும் மெல்லிய துண்டுகளைத் தட்டின் நடுவிலும், தடித்தவற்றை ஓரத்திலும் வைத்தால் சீராக வரும். பட்டர் பேப்பர் போட்டால் கழுவ எளிது. ஆனால் நிறம் ஒரு படி குறையும், இந்தச் சூடு பல பேப்பர்களின் வரம்பைத் தொடுவதால் அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க சமையல் குறிப்புகளில் மேப்பிள் சிரப்பையோ தேனையோ ஆரம்பத்திலேயே ஊற்றச் சொல்லியிருப்பார்கள். இந்தச் சூட்டில் அது கருகும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு தேக்கரண்டி தடவினால் போதும். உள்ளபடி சொன்னால் நன்றாக முற்றிய காய்க்கு அதுவும் வேண்டாம். நமக்கு இனிப்பை ஈடுகட்ட காரமும் புளிப்பும்தான் தேவை. மிளகாய்த்தூளை எண்ணெயோடு சேர்த்து முதலிலேயே பிரட்டினால் அது கறுத்துக் கசக்கும். இட்லிப் பொடி இன்னும் மோசம், அதிலிருக்கும் வறுத்த பருப்பு நாலே நிமிடத்தில் தீய்ந்துவிடும். ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு ஒன்றரை மேசைக்கரண்டி பொடியும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் போட்டுக் குலுக்கி, அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இந்தக் காய்க்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது.

ஏர் ஃபிரையரில் 390 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கல். ஒரு காய்க்கு மேல் கூடையில் போடாதீர்கள்.

பொரியலுக்கு ஓவன் வேண்டாம். பிறைகளைக் கால் அங்குலத்துக்கு நறுக்கி, இரும்புச் சட்டியில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் போடுங்கள். தண்ணீர் தெளிக்கக் கூடாது. மூடி போட்டு நாலு நிமிடம், மூடியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம். உப்பைக் கடைசியில் போட்டால் காய் நீர் விடாமல் நிற்கும். தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, அடுப்பை அணைத்த பிறகு. அடிக்கடி கிளறினால் சதை தோலைவிட்டுக் கழன்று, தட்டில் தோல் தனி, களி தனியாக வரும்.

பஜ்ஜிதான் எதிர்பாராத வெற்றி. ஜப்பானில் கபோச்சாவைத் தோலோடு டெம்புரா போடுவார்கள். அதே நியாயம் இங்கேயும் செல்லும். வளையமாக மூன்று மில்லிமீட்டர் தடிமனில் நறுக்குங்கள். அதற்கு மேல் போனால் மாவு சிவந்துவிடும், காய் வேகாது. ஒரு கப் கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம். தண்ணீரை அரை கப்பில் தொடங்கி, கரண்டியின் பின்பக்கத்தில் படியும் பதம் வரும்வரை சேர்க்கவும். பிரச்சினை ஒன்று உண்டு. வழுவழுப்பான தோலில் மாவு நிற்காமல் வழியும். வளையங்களைத் துணியில் ஒற்றி, அரிசி மாவில் லேசாகப் புரட்டிவிட்டுத் தோய்த்தால் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் 350 டிகிரி, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். வாழைக்காய் பஜ்ஜி பிடிக்காதவர்களும் இதைச் சாப்பிடுவார்கள்.

சாம்பாருக்கு ஏன் வேண்டாம் என்றால், நீரில் கொதிக்கும்போது இந்தத் தோல் தன் நல்ல குணத்தை இழக்கிறது. சதை கரைந்து, தோல் காகிதச் சுருள் மாதிரி மிதக்கும். குக்கரில் ஒரு விசிலுக்கே கஞ்சி. தோலைச் சீவலாமே என்றால் பள்ளமும் மேடுமான உடம்பில் பீலர் ஓடாது, சீவி முடித்தால் மிஞ்சும் சதைக்குக் கொடுத்த காசு நியாயமாகாது. பரங்கிக்காய் பால் கூட்டுக்கும் எரிசேரிக்கும் பட்டர்நட்டே சரி. புளிக்குழம்பில் இதைப் போட்டே ஆக வேண்டும் என்றால் தனியே சுட்டு வைத்து, குழம்பை இறக்கிய பிறகு மேலே வையுங்கள்.

நீளவாக்கில் பிளந்த பாதி ஒரு தோணி போலிருப்பதால் உள்ளே பூரணம் வைத்துச் சுடும் வழக்கம் அமெரிக்காவில் அதிகம், தேங்க்ஸ்கிவிங் மேசையில் இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இது வந்து நிற்கும். எண்ணெய் தடவி, கவிழ்த்து வைத்து 400 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம். நிமிர்த்தி, ஏற்கெனவே வெந்த பூரணத்தை நிரப்பி இன்னும் பத்து நிமிடம். ஒரு பாதிக்குள் அரை கப்தான் கொள்ளும். உதிரியாக வடித்த தினை அல்லது சாமையில் வறுத்த வேர்க்கடலை, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து வைத்தால் நன்றாக இருக்கும். ஈரமான பூரணம் வைத்தால் அடிப்பகுதி தொய்ந்து, தூக்கும்போது தோணி இரண்டாக ஒடியும். விதையைத் தூக்கி எறிய வேண்டாம். கழுவி, துடைத்து, எண்ணெயும் உப்பும் பிரட்டி 300 டிகிரியில் இருபது நிமிடம். ஓடு மெல்லியது என்பதால் அப்படியே மெல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் நறுக்குவதற்கு முன் நுனியில் ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா, அதை இதற்கும் செய்யுங்கள். கசந்தால் குப்பைத் தொட்டிதான். குக்குர்பிட்டாசின் என்ற அந்தக் கசப்பு நஞ்சு வேகவைத்தால் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக வரும். கடைக் காயில் இது அரிது. தோட்டத்தில் சொந்த விதை எடுத்து வளர்ப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அலங்காரக் குடுக்கைகளில் பலவும் இதே பெப்போ இனம் என்பதால், பக்கத்தில் அவை பூத்திருந்தால் வண்டு மகரந்தத்தைக் கலந்துவிடும். இந்த வருடக் காய் இனிக்கும், அதன் விதையில் அடுத்த வருடம் வரும் காய் கசக்கலாம்.

டெலிகாட்டா கிடைக்காவிட்டால் குண்டாக, அதே கோடுகளோடு ஸ்வீட் டம்ப்ளிங் என்று ஒன்று இருக்கும். இனிப்பு அதே, உருண்டையாக இருப்பதால் நறுக்குவது சிரமம். தவிட்டு நிறத்தில் ஹனி போட் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், டெலிகாட்டாவைவிட ஒரு படி இனிப்பு. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இருப்பவர்களுக்கு ஹொக்கைடோ என்ற பெயரில் ஆரஞ்சுப் பூசணி இலையுதிர் காலம் முழுக்கக் கிடைக்கும். அதன் தோலும் வேகும், கூடவே நீரில் கொதிப்பதையும் தாங்கும், அதனால் கறிக்கும் சூப்புக்கும் அதுவே மேல். ஏக்கார்ன் தோலைச் சாப்பிடலாம் என்று எழுதியிருப்பதை நம்பி இறங்காதீர்கள். சாப்பிடலாம்தான், ஆனால் நெடுநேரம் மென்றுகொண்டே இருக்க வேண்டும்.

வாங்கி வந்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் தோல் குழிந்து புள்ளி விழும். 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் ஈரமில்லாத நிலவறை (பேஸ்மென்ட்) இருந்தால் இரண்டு மூன்று மாதம் வரும். சூடேற்றிய வீட்டின் சமையலறையில் மூன்று நான்கு வாரம்தான் கணக்கு. பட்டர்நட்டைப் போல வைத்து வைத்து இனிப்பு ஏறட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை, அறுவடையான கையோடு தின்னத் தயாராக இருக்கும் காய் இது. நறுக்கியது ஃபிரிட்ஜில் நான்கு நாள். ஃப்ரீசரில் வைத்தால் தோல் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். டிசம்பர் நடுவில் கடையில் மிஞ்சிக் கிடப்பவை பெரும்பாலும் எடை குறைந்து, உள்ளே பஞ்சாகி இருக்கும். அப்போது பக்கத்துத் தொட்டியிலிருக்கும் பட்டர்நட்டை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பீலரைத் தேடுங்கள்.